கணித ஆசிரியர்: தெல்தோட்டையின் தேவையும் திறந்துள்ள வழிகளும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் மலையகப் பாடசாலை அதிபர்களுடன் உரையாடுவோர் ஒரே கவலையைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரிடுகிறது. ஏனைய பாடங்களிலெல்லாம் சித்தியெய்திய பிள்ளை கணிதத்தில் மாத்திரம் தவறிவிட்டது என்பதே அக்கவலை. ஒன்பது பாடங்களுள் ஒன்று என்று இதனை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. தேசிய கல்வியியற் கல்லூரி அனுமதி, தாதியர் பயிற்சி, அரசாங்க எழுதுவினைஞர் பதவிகள் என மலையக இளைஞர் யுவதிகள் எதிர்பார்த்து நிற்கும் வாசல்களில் பெரும்பாலானவை கணிதச் சித்தியைக் கேட்கின்றன. கணிதம் தவறியவருக்கு எட்டுப் பாடச் சித்தி கைகொடுப்பதில்லை.

இதிலே மற்றொரு சிக்கலும் இருக்கிறது. கணிதம் கற்பிக்க ஆளில்லாத பாடசாலையில் படித்த பிள்ளை கணிதத்தில் தவறுகிறது. கணிதத்தில் தவறிய பிள்ளை ஆசிரியராக முடியாது. ஆகவே அந்தப் பாடசாலைக்கு அந்த ஊரிலிருந்தே ஒரு கணித ஆசிரியர் உருவாகும் வாய்ப்பும் இல்லாமற் போகிறது. வெளியூரிலிருந்து வருபவர் சில வருடங்களில் இடமாற்றம் பெற்றுச் செல்கிறார். மீண்டும் வெற்றிடம், மீண்டும் தவறும் பிள்ளைகள். பெருந்தோட்டப் பகுதியில் தலைமுறைகளாகச் சுழன்றுவரும் வட்டம் இது.

கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டை இவ்விடயத்தை ஆராய்வதற்குப் பொருத்தமான ஓர் ஊர். பேராதனையிலிருந்து கலஹா ஊடாக மலையேறும் வீதி தெல்தோட்டையைக் கடந்து ரிக்கில்லகஸ்கடைக்குச் செல்கிறது. இவ்வூருக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இந்நாட்டின் தேயிலைக் கைத்தொழில் பிறந்த இடம் அது. அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவரைத் தமிழுக்குத் தந்ததும் இந்த மண்தான். தோட்டத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்கள மக்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் என்பதால், தமிழ்மொழி மூலமான பாடசாலைகள் இங்கு தமிழ்ப் பாடசாலை என்றும் முஸ்லிம் பாடசாலை என்றும் இரு வகையாக இயங்குகின்றன. நிர்வாகப் பெயர் இரண்டாயினும் பாடநூல் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, பரீட்சை வினாத்தாளும் ஒன்று. கணித ஆசிரியர் பற்றாக்குறையும் இரு சாராருக்கும் பொதுவானதே.

இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்பது பயனுடையது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளைச் சென்றடையவில்லை. தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமுமாக இருந்த அப்பாடசாலைகளில் எழுத்தும் வாய்ப்பாடும் கற்பித்ததுடன் கல்வி முடிந்துவிடும். 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை படிப்படியாக அரசாங்கத்தினால் பொறுப்பேற்கப்பட்டன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கும் தோட்டப் பிள்ளைகளுக்கும் இடையில் முப்பது வருட இடைவெளி இவ்வாறே விழுந்தது. கொழுந்து நிறுவையும் பெயர்ப் பதிவும் அரைப் பேரும் சம்பள நாளன்று பிடிக்கப்படும் கழிவுகளும் தோட்டத் தொழிலாளியின் வாழ்வை நாள்தோறும் எண்களாலேயே ஆண்டன. அந்த எண்களைச் சரிபார்க்கும் கல்விதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

முஸ்லிம் பாடசாலைகளின் வரலாறு வேறு விதமானது. கண்டியில் சட்டத்தரணியாக விளங்கிய சித்திலெப்பை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நவீன கல்விக்காகக் குரல் கொடுத்தார். பெண் கல்வியையும் அவர் அதில் சேர்த்துக்கொண்டார். 1945 இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்து வசதி குறைந்த மாணவருக்கு உயர்கல்வியின் வழியைத் திறந்தார். கம்பளை ஸாஹிராவின் அதிபராகவிருந்து பின்னர் கல்வியமைச்சரான பதியுதீன் மஹ்மூதின் காலத்தில், 1972 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் இடைநிலை வகுப்புகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய பாடங்களாக்கியது. அச்சீர்திருத்தம் பல காரணங்களுக்காக விமர்சிக்கப்பட்டது. தமிழ் மக்கள் அதே காலத்துப் பல்கலைக்கழகத் தரப்படுத்தலை எளிதில் மறந்துவிடவும் மாட்டார்கள். ஆனால் கணிதம் நகரத்துப் பெரிய கல்லூரிகளின் தனிச்சொத்து அல்ல என்று நாட்டுக்கு அறிவித்த நடவடிக்கை என்ற வகையில் அதன் இந்த அம்சம் சரியானதென்றே நாம் கருதுகிறோம். குறை வேறிடத்தில் இருந்தது. எல்லோருக்கும் கணிதம் என்ற தீர்மானம் வந்தது; எல்லோருக்கும் கணித ஆசிரியர் என்ற ஏற்பாடு அதனுடன் வரவில்லை.

அந்த ஏற்பாட்டுக்கான முயற்சிகள் பின்னர்தான் தொடங்கின. 1980களில் சுவீடனின் உதவியுடன் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கான அபிவிருத்தித் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் கல்வியியற் கல்லூரிகளுக்கு அடித்தளமிட்டது. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பெருந்தோட்டச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்குவதற்கென ஏற்பட்டது. கடந்த முப்பது வருடங்களில் மலையகப் பாடசாலைகளில் ஏற்பட்ட மாற்றத்தை ஆராயும் எவரும் பத்தனையைக் கடந்து செல்ல முடியாது.

2010களின் நடுப்பகுதியில் உயர்தரச் சித்தியுடைய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மலையக இளைஞர் யுவதிகள் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டனர். ஆரம்பத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபாவானது. அந்தத் தொகையில் பஸ் கட்டணம் கொடுத்துப் பாடசாலைக்குச் சென்று, விடுமுறைகளில் பயிற்சி பெற்று, வருடக்கணக்கில் காத்திருந்தே அவர்கள் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டனர். எண்ணிக்கையளவில் அது பெரிய நியமனந்தான். ஆனால் உயர்தரத்தில் கலைப்பிரிவில் பயின்றவர்களே மலையகத்தில் பெரும்பான்மையினர் என்பதை அறிந்தோருக்கு, அந்த நியமனம் கணிதப் பற்றாக்குறையைத் தீர்த்திருக்க இயலாது என்பது புரியும். வெற்றிடங்களை மொத்தமாக எண்ணி நிரப்புவதும் பாடவாரியாக எண்ணி நிரப்புவதும் ஒன்றல்ல. மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் தனது பதினைந்து கல்வி வலயங்களுக்கும் தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர் வெற்றிடங்களைப் பாடசாலை வாரியாக வருடந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேயே.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் மோசமாக்கியது. 65 ஆக உயர்த்தப்பட்ட அரச ஊழியர்களின் ஓய்வு வயது அவ்வாண்டு முடிவுடன் மீண்டும் 60 ஆக்கப்பட்டதால் அனுபவமிக்க ஆசிரியர்கள் பெருந்தொகையாக ஒரே நாளில் விடைபெற்றனர். சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கமே அனுமதித்தபோது, கணிதம் கற்றவர்களுக்கு வெளியில் கேள்வி அதிகமாக இருந்ததில் வியப்பில்லை. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து நடத்திய போராட்டத்தின் பின்னர் கிடைத்த சம்பள உயர்வையும் அடுத்த வருடத்தின் விலைவாசி விழுங்கிவிட்டது.

இனி, கணித ஆசிரியராக வர விரும்புவோருக்கும் ஏற்கனவே கணிதம் கற்பிப்போருக்கும் உள்ள வழிகளைப் பார்ப்போம். தெல்தோட்டை போன்ற ஊர்களில் தகவல் பிந்திக் கிடைப்பதாலேயே வாய்ப்புகள் தவறிப்போவதுண்டு.

உயர்தரம் முடித்தோருக்கு முதலாவது வாசல் தேசிய கல்வியியற் கல்லூரி. மூன்று வருடப் பயிற்சி. அதில் இரு வருடங்கள் கல்லூரியில் தங்கியிருந்து கற்பது, ஒரு வருடம் பாடசாலையொன்றில் உள்ளகப் பயிற்சி. முடிவில் கிடைப்பது கற்பித்தலுக்கான தேசிய டிப்ளோமா. விண்ணப்பம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் கோரப்படும். பாடநெறி வாரியாகவும் மொழிமூலம் வாரியாகவும் இடங்கள் பகிரப்படுவதால், கணித நெறிக்குத் தகைமையுள்ளவர் ஆரம்பக் கல்வி நெறிக்குப் போட்டியிடுவோரின் நீண்ட வரிசையில் நிற்கத் தேவையில்லை என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு எடுத்துக்கூற வேண்டும். தமிழ்மொழி மூலம் பயில்வோர் பத்தனையைப் போன்றே அட்டாளைச்சேனை, தர்கா நகர், வவுனியா, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் முதலிய கல்லூரிகளையும் கவனத்திற் கொள்ளலாம்.

பட்டதாரிகளின் வழி வேறானது. மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு மாகாணப் பாடசாலைகளுக்கும், மத்திய கல்வியமைச்சு தேசிய பாடசாலைகளுக்கும் ஆட்சேர்ப்பு நடத்துகின்றன. 1994 ஒக்டோபரில் உருவாக்கப்பட்ட இலங்கை ஆசிரியர் சேவையில் தொழில்சார் தகைமை பெறாத பட்டதாரியின் முன்னேற்றம் தடைப்பட்டுவிடும் என்பதால், பட்டப் பின் கல்வி டிப்ளோமாவைக் காலந்தாழ்த்தாது முடித்துக்கொள்வது நன்று. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் மஹரகம தேசிய கல்வி நிறுவகமும் அதனைத் தமிழில் நடத்துகின்றன. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருப்பது கண்டி மாவட்டத்து ஆசிரியர்களுக்குப் பெரும் வசதி. டிப்ளோமாவுடன் சேவையில் இருக்கும் ஆசிரியர் கணிதத்தில் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற விரும்பினாலும் தொழிலை விடாமலே படிப்பதற்கு அங்கு இடமுண்டு. பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுவதுதான் நம்மவருக்குத் தடை. அதனைப் பெரிதுபடுத்திக்கொண்டு பின்வாங்குவோரைப் பார்க்கிறோம். கணிதத்தின் ஆங்கிலம் இலக்கியத்தின் ஆங்கிலத்தைப்போல் கடினமானதல்ல. சில நூறு சொற்களுடன் முதலாம் வருடத்தைத் தாண்டிவிடலாம்.

சேவையில் உள்ளோருக்குப் பதவியுயர்வின் பாதை அதிபர் சேவை ஒன்றே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நல்ல கணித ஆசிரியர் பலர் அதிபராகிக் கரும்பலகையை விட்டுச் செல்வதைக் கண்டு நாம் மகிழ்வதா, வருந்துவதா என்று தெரியவில்லை. ஆசிரிய ஆலோசகராகக் கோட்டத்துப் பாடசாலைகளை வழிநடத்தலாம். ஆசிரியர் கல்வியியலாளர் சேவையில் சேர்ந்து கல்வியியற் கல்லூரியில் விரிவுரையாற்றலாம். கல்வி நிர்வாக சேவையின் விசேட ஆளணியில் கணிதத்துக்கெனத் தனியாக இடங்கள் உண்டு. வலயக் காரியாலயத்தில் கணிதத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவ்வழியிலேயே வருகிறார். அந்த நாற்காலியில் தமிழ்மொழி மூலம் கற்பித்த அனுபவமுள்ள ஒருவர் இருக்கும் வலயத்துக்கும் இல்லாத வலயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடசாலைகள் நன்கறியும்.

கற்பித்தல் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் அறிமுகமானபோது, மாணவரை ஈடுபடுத்தி, கண்டறியச் செய்து, விளக்கி, விரிவாக்கி, மதிப்பிடும் ஐந்து படிமுறைகள் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 2018 இல் உலக வங்கி 10 கோடி டொலரை அங்கீகரித்த பொதுக் கல்வி நவீனமயமாக்கல் திட்டத்திலும் கணிதத்துக்கு முக்கிய இடம் கிடைத்தது. 2026 இல் தரம் 1 மற்றும் தரம் 6 இலிருந்து ஆரம்பிப்பதாக 2025 இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தமோ பாடங்களை அலகுத் தொகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆசிரியர்கள் செயலமர்வுக்கு அழைக்கப்படுகின்றனர். வளவாளர் சிங்களத்தில் தயாரித்த குறிப்புகளை வாசித்து முடிக்கும் செயலமர்வுகளால் பயனில்லை என்பதை நாம் முன்னரும் எழுதியிருக்கிறோம். தமிழ்க் கலைச்சொற்களில் சிந்தித்துத் தயாரிக்கப்பட்ட ஆசிரியர் வழிகாட்டி, அமுலாக்கத்துக்கு ஒரு தவணையாவது முன்னதாகக் கைக்குக் கிடைக்க வேண்டும்.

பற்றாக்குறையுள்ள பாடசாலைகளில் மற்றொரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. சாதாரண சித்திக்கு 35 புள்ளி போதும் என்பதால், வினாத்தாளில் நிச்சயமாக வரும் இலகுவான பகுதிகளை மாத்திரம் பதினோராம் தரத்தில் பயிற்றுவிப்பது அது. சதவீதம், தொடை, வரைபு ஆகியவை பயிற்றப்படும். கேத்திரகணித நிறுவல்களும் திரிகோணகணிதமும் கைவிடப்படும். தவறிப்போக இருந்த பிள்ளையைக் கரையேற்றும் நோக்கில் இதனைச் செய்யும் ஆசிரியரை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் 80 புள்ளி எடுக்கக்கூடிய பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்து 35க்கான கணிதத்தையே கற்கிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்குச் சென்றால் முதல் மாதத்திலேயே அப்பிள்ளை தடுமாறுகிறது. கணிதப் பிரிவுள்ள தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தெல்தோட்டைப் பிள்ளை கண்டி நகருக்கு வந்து தங்கியோ நாள்தோறும் பஸ்ஸில் பயணித்தோதான் அங்கு சேர வேண்டியிருக்கிறது. அவ்வளவு சிரமத்துடன் வந்த பிள்ளை கலைப்பிரிவுக்குத் திரும்புவதைவிட வேதனையானது வேறில்லை. பொறியியலாளரும் கணித ஆசிரியரும் ஒரே நேரத்தில் இழக்கப்படுகின்றனர்.

நம்மவருக்குக் கணிதம் வராது என்று சில பெற்றோர் கூறக் கேட்டிருக்கிறோம். வரலாறு அதற்கு நேர்மாறானது. நமது முன்னோர் அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி எனும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பின்னத்துக்குப் பெயர் வைத்து அன்றாட வியாபாரத்தில் வழங்கினர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்தே உலகம் அட்சரகணிதத்தை அல்ஜிப்ரா என்றழைக்கிறது. அந்நூலின் கணிசமான பகுதி இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியது. பேராசிரியர் சி.ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராக ஆராய்ச்சி செய்து, இலங்கையிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார். ஸகாத்தின் நாற்பதில் ஒரு பங்கும், தோட்டத்து அரைப் பேரும், கொழுந்து நிறுவையில் கழிக்கப்படும் ஈரமும் வகுப்பறைக்குள் உதாரணங்களாக வருமானால், பின்னமும் சதவீதமும் அந்நியமாகத் தோன்றா. பாடநூலில் இல்லையென்று ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. ஆசிரியர் வழிகாட்டி அதற்கு இடமளிக்கவே செய்கிறது.

கணிதத்தில் ஆர்வமுள்ள ஆசிரியருக்குப் பாடசாலைக்கு வெளியிலும் களம் இருக்கிறது. இலங்கை 1995 இலிருந்து சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் பங்குபற்றி வருகிறது. அதற்கான தேசிய மட்டத் தெரிவுப் போட்டிகளில் மலையகத் தமிழ்மொழி மூல மாணவர்கள் அரிதாகவே தோன்றுகின்றனர். வெற்றி பெறாவிட்டாலும் அவ்வினாக்களைக் கலந்துரையாடும் ஒரு சிறு கணிதக் கழகம் பாடசாலையின் சூழலையே மாற்றக்கூடும். யுனெஸ்கோ 2019 இல் பிரகடனஞ்செய்த சர்வதேச கணித தினம் மார்ச் 14 இல் வருகிறது. தமிழ்த் தினப் போட்டிகளுக்கும் மீலாத் விழாவுக்கும் உழைக்கும் நம் பாடசாலைகள் அந்த நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

தெல்தோட்டையைப் பொறுத்தவரை உடனடியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்தடுத்துள்ள தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் இருக்கும் கணித ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதே அது. வாரத்தில் இரு நாட்கள் அயற்பாடசாலையில் கற்பிக்க ஓர் ஆசிரியரை இணைப்பதற்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி போதுமானது. ரமழான் காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. தமிழ்ப் பாடசாலைகள் அப்போது இயங்குகின்றன. தமிழ்ப் பாடசாலைகளின் தவணை விடுமுறையில் முஸ்லிம் பாடசாலைகள் நடைபெறுவதும் உண்டு. இந்த நாட்காட்டி வேறுபாட்டை இடையூறாகவே இதுவரை கருதி வந்துள்ளோம். பதினோராம் தரத்துக்கான இணைந்த மீட்டல் வகுப்புகளைத் திட்டமிடுவோருக்கு அதுவே அனுகூலமாகலாம். இரு பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒரு மாலைப் பொழுதில் பேசி முடிக்கக்கூடிய விடயம் இது. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் அவர்களுக்கு மண்டபம் தர மறுக்கமாட்டா.

தங்குமிடப் பிரச்சினையும் இத்துடன் தீர்க்கப்பட வேண்டும். வெளியூர் ஆசிரியை ஒருவர் தெல்தோட்டையில் நியமனம் பெற்றால் முதலில் கேட்பது வாடகை அறையையும் மாலையில் திரும்பும் பஸ்ஸையும் பற்றித்தான். 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர் உத்தியோகத்தர் விடுதிகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டைக் குத்தகைக்குப் பெற்று ஆசிரியர் விடுதியாக்குவது கோடிகள் தேவைப்படும் காரியமல்ல. இந்திய அரசாங்கம் 2023 ஜூலையில் இந்திய வம்சாவளித் தமிழருக்கென அறிவித்த 75 கோடி இந்திய ரூபா உதவித் திட்டத்தைப் பற்றிப் பேசும் மலையகப் பிரதிநிதிகள், பாடசாலைக் கட்டடங்களுடன் ஆசிரியர் விடுதிகளையும் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்களா? அடுத்த கல்வியியற் கல்லூரி வர்த்தமானி வெளிவருவதற்குள் கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து இதற்கொரு பதிலை எதிர்பார்க்கிறோம்.